பச்சை நூல் கட்டிய குளவிக்கூடு

"எவராலும்னா யாருங்க ஐயா?"

முருகையா கங்காணி இதைக் கேட்டபோது நான் பேனையை மூடிக்கொண்டிருந்தேன். அவருக்காக எழுதிய விளக்கக் கடிதத்தை அப்போதுதான் உரக்க வாசித்து முடித்திருந்தேன். என் வீட்டு முன்னறை. மேசையில் ஆறிப்போன தேநீர். வெளியே நமுனுகுல மலையைப் பாதிவரை மூடியிருந்த பனி. உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. கம்பளித் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாருமேன்னு அர்த்தம்" என்றேன்.

"யாருமே பாக்கலன்னு."

"ஆமா."

"அந்த வரிய மட்டும் இன்னொருக்கா படிங்க ஐயா."

படித்தேன். "மேற்படி தேயிலைச் செடியில் குளவிக்கூடு இருந்தமை சம்பவத்துக்கு முன்னர் எவராலும் அவதானிக்கப்படவில்லை."

நல்ல வாக்கியம். முப்பத்து மூன்று வருட உத்தியோகத்தில் இப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதித்தான் தலைமை எழுதுவினைஞர் ஆனேன். செயப்பாட்டுவினையின் அருமை அரசாங்கப் பணிமனையில் இருந்தவனுக்குத்தான் தெரியும். கோப்பைத் தொலைத்துவிட்டேன் என்று நாங்கள் எழுதமாட்டோம். கோப்பு இடம் மாறியுள்ளமை அறியப்படுகிறது என்று எழுதுவோம். வேலை நடந்திருக்கும், தவறும் நடந்திருக்கும், செய்தவன் மட்டும் வாக்கியத்தில் இருக்கமாட்டான்.

அன்று அந்த வரியில் இல்லாமல் போயிருந்தவன் நான்.

பாராட்டு என்று நினைத்த கடிதம்

வாரப் பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரில் இதுவரை வந்தவற்றை எடுத்து வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். வாரத்துக்கு ஒரு மேலதிகாரியை விதி இலக்கம் சொல்லி மடக்கியிருக்கிறேன். எல்லாக் கதையிலும் கடைசிச் சிரிப்பு என்னுடையது.

ஹல்துமுல்லையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "உங்கள் வாழ்க்கையில் நீங்கள் பிழை விட்டதே இல்லையா, ஐயா?" மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டு, இரண்டு முறை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இது பாராட்டு இல்லீங்க" என்றாள்.

ஆகவே இந்த வாரம் மீன் பிடித்த கதை. நடந்து இரண்டு, மூன்று வருடம் இருக்கும்.

சட்டி மீன்

ஓய்வு பெற்றதும் பதுளை வாடகை வீட்டை விட்டுவிட்டு, நான் பிறந்த தோட்டத்தின் ஓரத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தேன். மலைக்காற்று, அமைதி என்றெல்லாம் நண்பர்களுக்குக் காரணம் சொன்னேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த பிள்ளை ஐயாவாகித் திரும்பியிருப்பதை லயத்தில் உள்ளவர்கள் பார்க்கவேண்டும் என்பதுதான் காரணம்.

தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே ஒரு குளம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் முருகையாவும் நானும் அங்கே தூண்டில் போடுவோம். அவர் எங்கள் தோட்டத்தில் கங்காணி. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் ஆள் கூடியதும் பெண்களைப் பிரித்து, மலை என்று நாங்கள் சொல்லும் தேயிலைப் பகுதிக்கு அழைத்துப்போய்க் கொழுந்தெடுக்க வைப்பவர். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே லயம், அடுத்தடுத்த காம்பரா. நான் படிக்கப் போனேன், அவர் மலைக்குப் போனார். நான் திரும்பி வந்த நாளிலிருந்து என்னை ஐயா என்றே கூப்பிடுகிறார். வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

குளத்தில் திலாப்பியாதான் அதிகம். எப்போதாவது ஒரு கெண்டை. உள்ளங்கை அகலத்துக்கு மேல் எதுவும் மாட்டாது.

முருகையாவின் இரை பேக்கரிப் பாண். முதல் நாள் வாங்கிய பாணின் உள்பகுதியைப் பிய்த்து, வெறும் தேத்தண்ணீரில் நனைத்துப் பிசைந்து, பட்டாணி அளவுக்கு உருட்டுவார். அவ்வளவுதான். நானோ வாரத்துக்கு ஓர் ஆய்வு நடத்துவேன். மண்புழு, தவிட்டு உருண்டை, மாசிக்கருவாட்டுத் தூள் கலந்த கோதுமை மா. மண்புழுவைப் பொடி மீன்கள் முள்ளில் கடித்துக் கடித்துத் தின்று தீர்த்துவிடும். தவிடு தண்ணீரில் இறங்குமுன் கரையும். மாசித்தூளுக்கு நண்டு வரும். அவருடைய வாளியில் எட்டு மீன் என்றால் என்னுடையதில் இரண்டு.

"என்னாங்க ஐயா, மீனுங்களுக்குச் சுற்றுநிருபம் போய்ச் சேரலயா?" என்பார்.

"பாணுல என்னமோ கலக்குறீங்க முருகையா."

"பாக்டரி ரகசியம்ங்க" என்று மிதப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

மார்கழி மாதம் விளக்கு வைக்கும் நேரத்தில் கனடாவிலிருந்து மகன் வீடியோவில் அழைத்தான். உறைந்த ஏரியின் நடுவில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான். மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"அப்பா, ஐஸ்ல ஓட்ட போட்டு மீன் பிடிக்கிறேன், பாருங்க."

பெரிய இட்லிப் பானை வாயளவு வட்டத் துளை. அதற்குள் கறுப்பாகத் தண்ணீர். கிராப்பி என்று ஒரு மீனாம். அதையும் அதுபோன்ற சின்ன மீன்களையும் முழுசாகச் சட்டியில் போட்டுப் பொரிக்கலாம் என்பதால் சட்டி மீன் என்றே அவர்கள் சொல்வார்களாம்.

"குளிருல மீனுக்குச் சோம்பல்ப்பா. பெரிய இரையத் தொரத்திட்டு வராது. கிராப்பிக்கு வாயும் காகிதம் மாதிரி, இழுத்தா கிழிஞ்சிரும். சின்ன முள்ளு, சின்ன இரை, ஆட்டாம வச்சிருக்கணும். இந்தா, இதுதான்."

உள்ளங்கையைக் காட்டினான். வெள்ளையாக, கொழுத்து, நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஐந்தாறு புழுக்கள் நெளிந்தன. மரத்தூள் போட்ட டப்பியில் கடையிலேயே விற்கிறார்களாம்.

"சில பேரு குட்டி மீன உயிரோட குத்திப் போடுவாங்க. பெரிய கிராப்பிக்கு அது சரி. மத்த மீனு எல்லாத்துக்கும் இந்தப் புழுதான். வால் பக்கமா லேசாக் குத்தணும். அழுத்திட்டீங்கன்னா பால் வடிஞ்சிரும், தோலுதான் மிஞ்சும்."

நான் குறிப்பெடுத்தேன். தாளில், இலக்கமிட்டு.

எங்கள் குளம் உறைவதில்லை. ஆனாலும் மார்கழி, தையில் விடியற்காலை கையை விட்டால் விரல் மரத்துப்போகும். எங்கள் மீனுக்கும் அப்போது சோம்பல்தான். எனக்கு வேண்டியது வெள்ளைப் புழு. தேயிலைத் தோட்டத்தில் அது எங்கே கிடைக்கும் என்று யாரிடமும் கேட்கவேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

ஏழு பந்திகள்

தேயிலைச் செடிக்குள் குளவி கட்டும் கூட்டைப் பார்த்திருப்பீர்கள். பழைய பத்திரிகையை நனைத்து ஒட்டியதுபோல் இருக்கும். உள்ளே அடுக்கடுக்காக அறைகள், அறைக்கு ஒரு புழு. கொழுந்தெடுக்கிற கை தெரியாமல் அதில் பட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பணிமனையில் வேலை விபத்துப் பிரிவில் இருந்தபோது, இதுபற்றிய அறிவுறுத்தலைத் தமிழாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஏழு பந்திகள். இன்னும் மனப்பாடம். கூட்டைக் காண்பவர் எவராயினும் உடனடியாகத் தோட்டக் காரியாலயத்துக்கு அறிவித்தல் வேண்டும். செடியைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டுதல் வேண்டும். கூடு அகற்றப்படும்வரை அவ்விடத்தில் வேலை நடைபெறலாகாது.

"எவராயினும்" என்ற சொல் நான் சேர்த்தது. மூலத்தில் தொழிலாளர் என்று மட்டும் இருந்தது. உத்தியோகத்தர்கள் பார்த்தும் பாராததுபோல் போய்விடுவார்கள் என்று வாதாடிச் சேர்க்கவைத்தேன். அதற்காக எனக்கொரு பாராட்டுக் கடிதம் கிடைத்தது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். முருகையா நின்ற இடத்துக்கு நேர் மேலே.

மகன் பேசிய அதே வாரம் தோட்டத்தில் ஒரு கூட்டை எரித்தார்கள். மறுநாள் நடைப்பயிற்சிக்குப் போனவன் மண்ணெண்ணெய் படாமல் தெறித்து, எரியாமல் கிடந்த துண்டு ஒன்றைப் பொறுக்கி வந்தேன். அதில் ஒரு தீப்பெட்டி நிறையப் புழு தேறியது. ஞாயிறன்று எனக்குப் பதினொன்று, முருகையாவுக்கு நாலு.

"என்னாங்க போட்டீங்க?" என்று முதல் தடவையாக அவர் கேட்டார்.

"ஆபீஸ் ரகசியம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அறுபத்தைந்து வயதில் ஒருவன் ஒரு வாளி மீனுக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கக்கூடாது. அன்று பகல் முழுவதும் வீட்டில் விசிலடித்துக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஞாயிறு புழு இல்லை. எனக்கு ஒன்று, அவருக்கு ஏழு. அவர் என் வாளியைப் பார்த்துவிட்டுத் தூண்டிலைச் சுருட்டினார். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

எட்டு நாள் கணக்கு

திங்கட்கிழமை காலை ஏழாம் நம்பர் மலையில், தண்ணீர் ஓடும் கானுக்கு ஓரமாக நடந்தபோது அந்தக் கூட்டைக் கண்டேன். செடியின் நடுவில், தேங்காயைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தது. கண்டவுடன் எனக்குள் ஏழு பந்திகளும் வரிசையாக வந்து நின்றன. அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அறிவித்தால் அன்று மாலையே மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்கள். மண்ணெண்ணெய் வாடை பட்ட புழுவை எந்த மீனும் தொடாது. தவிர, கூடு இளசு. புழு பருக்க இன்னும் நாலைந்து நாளாவது வேண்டும்.

கணக்குப் போட்டேன். அந்த மலையில் கொழுந்தெடுத்து முடித்தது சனிக்கிழமை. கிள்ளிய இடத்தில் மறுபடி கொழுந்து வர எட்டு நாள். அதுவரை அங்கே ஒரு பெண்ணும் கால் வைக்கமாட்டாள். அதற்குள், வருகிற சனிக்கிழமை மாலையே, எல்ல ஊரிலிருந்து எனக்குத் தெரிந்த ஒருவர் வந்து புகை மட்டும் போட்டுக் கூட்டைக் கழற்றித் தருவார். எல்லாருக்கும் நன்மை. கோப்பு மொழியில் இதற்கு இடைக்கால ஏற்பாடு என்று பெயர்.

சிவப்புத் துணி கட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும். ஆனால் எல்லக்காரருக்கு இடம் காட்ட அடையாளம் வேண்டும். சட்டைப்பையில் கோப்புக் கட்டும் நூல் ஒன்று கிடந்தது. இரண்டு நுனியிலும் சின்ன உலோகக் குச்சி வைத்த பச்சை நூல். ஓய்வு பெற்ற அன்று ஒரு பெட்டி நிறைய எடுத்துவந்திருந்தேன். என் வீட்டில் மின்கட்டணச் சிட்டைகூட அந்த நூலில்தான் தொங்கும். பக்கத்துச் செடியின் கிளையில் அதைக் கட்டினேன். தேயிலைக்குள் பச்சை நூல். கட்டியவனுக்கு மட்டும் தெரியும் அடையாளம்.

நான் மறந்தது தைப்பொங்கலை.

பொங்கலுக்கு மலை பூட்டு. ஆகவே லீவு நாட்களில் வரவேண்டிய மலைகளை முன்கூட்டியே எடுத்து முடிப்பார்கள். எட்டு நாள் சுற்று அந்த வாரத்தில் ஆறு நாளாகும், சில இடத்தில் ஐந்தாகும். இதை எந்தச் சுற்றுநிருபத்திலும் எழுதவில்லை. எழுதவேண்டியதும் இல்லை, லயத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். என் அம்மா கொழுந்தெடுத்தவர். பொங்கலுக்கு முந்தின நாட்களில் அவர் வீட்டுக்கு வர இருட்டிவிடும். விரல்களைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு எட்டு நாள் என்ற இலக்கம்தான் ஞாபகம் இருந்தது.

வியாழக்கிழமை பதுளையில் கரும்பும் புதுப்பானையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். வளைவொன்றில் தோட்டத்து லொறி எதிரே வேகமாக இறங்கியது. பின்தட்டில் பெண்கள். நடுவில் முருகையா, யாருடைய தலையையோ மடியில் வைத்துப் பிடித்திருந்தார்.

"குளவி போல" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

எந்த மலை என்று நான் கேட்கவில்லை.

நல்ல பருவம்

நான்கு பேருக்குக் கொட்டியிருந்தது. மூன்று பேர் மறுநாள் வந்துவிட்டார்கள். கூட்டில் கை பட்டது யோகராணிக்கு, முருகையாவின் தங்கைக்கு. முகம் வீங்கி, தொண்டை அடைத்து, இரண்டு நாள் பேச்சில்லை. பிழைத்தார். இன்னொரு தடவை கொட்டினால் உயிருக்கே ஆபத்து, இனிக் கொழுந்து மலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவருக்கு வேறு வேலை தெரியாது.

பெண்களை இறக்குமுன் மலையைச் சுற்றிப் பார்ப்பது கங்காணியின் பொறுப்பு. அன்று ஒரே பகலில் இரண்டு மலை முடிக்கச் சொல்லியிருந்தார்கள். முருகையா மேல் பாதியைப் பார்த்தார், கானோரம் வரவில்லை. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அவரை வேலையிலிருந்து நிறுத்தி, விளக்கம் எழுதித் தரும்படி கேட்டார். ஓய்வுக்கு அவருக்கு ஒரு வருடம் இருந்தது.

பொங்கலன்று மத்தியானம் அந்த இடத்துக்குப் போனேன். நூலை அவிழ்த்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். கிளை ஒடிந்திருந்தது. நூல் இல்லை. செடி பாதி கருகி நின்றது. கீழே பிளந்து கிடந்த கூட்டில், எரியாத பக்கத்து அறைகளில் புழுக்கள் வெள்ளையாக இருந்தன.

நல்ல பருவம், என்று நினைத்தேன்.

அதுதான் முதலில் வந்தது. யோகராணி பிறகுதான் நினைவில் வந்தார். அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு மூச்சு நேரம்கூட இருந்திருக்காது. இருந்தாலும் வரிசை அதுதான்.

மறுபடியும் மேசை

"சரிங்க. கட்டிக் குடுங்க, கொண்டுபோறேன்" என்றார் முருகையா.

கடிதத்தோடு ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டையும் வைத்து, துளை போட்டு, நூலுக்காக மேசை இழுப்பறையைத் திறந்தேன்.

"நூலு நம்மகிட்டயே இருக்குங்க."

சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தாளின்மேல் வைத்தார். பச்சை நூல். அதன் நடுவில் இன்னும் முடிச்சு இருந்தது. முடிச்சுக்குள் காய்ந்த தேயிலைக் குச்சி.

நான் இழுப்பறையை மூடவில்லை.

"அன்னைக்கு தங்கச்சிய லொறியில ஏத்துறப்ப, இடுப்புல கட்டியிருந்த படங்குல சிக்கியிருந்திச்சு, கிளையோட" என்றார். "நம்ம தோட்டத்துல இந்த நூலு வேற யாருகிட்ட இருக்கு?"

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"யாருகிட்டங்க சொல்றது? தொரைகிட்ட சொன்னா எழுதிக் குடுன்னுவாரு. எழுதுறதுக்கு உங்ககிட்டதானே வரணும்."

வெளியே யாரோ நாயை அதட்டிக்கொண்டு போனார்கள்.

"மீனுக்குத்தானே?"

"ஆமா."

"நெனச்சேன்" என்றார். "நீங்களே எழுதுவீங்கன்னு பாத்தேன். அதான் ரெண்டாந்தடவ படிக்கச் சொன்னேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஐயா என்று சொல்லவில்லை என்பதை அவர் போன பிறகுதான் கவனித்தேன்.

கடிதத்தைக் கிழித்தேன். புதுத் தாளில் தொடங்க வெகுநேரம் பிடித்தது. நான் என்ற சொல்லில் தொடங்கும் வாக்கியம் ஒன்றை உத்தியோக வாழ்க்கையில் எழுதிய ஞாபகம் இல்லை. "நான் திங்கட்கிழமை காலையில் அந்தக் கூட்டைப் பார்த்தேன். அறிவிக்கவில்லை. மீனுக்கு இரையாகப் புழு எடுப்பதற்காக மறைத்து வைத்தேன்." இவ்வளவுதான் விஷயம். மூன்று வரிக்குள் அடங்கிவிட்டது. வாசித்துக் காட்டினேன்.

"இது வெளங்குது" என்றார். முடிச்சை அவரே பல்லால் அவிழ்த்து, அந்த நூலிலேயே கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

விதி இல்லை

துரை இளவயதுக்காரர். என்னைக் கூப்பிட்டு, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சங்கடப்பட்டார். நான் அவருடைய தொழிலாளி இல்லை, உத்தியோகத்தனும் இல்லை. என்னை எதன் கீழ் விசாரிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஓய்வு பெற்ற வெளியாள்மேல் நடவடிக்கை எடுக்க அந்த அறிவுறுத்தலில் இடமில்லை என்று நானே விளக்கினேன். பந்தி இலக்கத்தோடு. வெளியே வந்து படியிறங்கும்போதுதான் என்ன செய்துவிட்டு வருகிறேன் என்று உறைத்தது.

முருகையாவை அடுத்த வாரம் வேலைக்கு எடுத்தார்கள். வழியில் கண்டால் தலையாட்டுவார். ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கு வருவதில்லை. நானும் போவதில்லை.

யோகராணியைப் பார்க்கப் போக எனக்கு இன்னும் பத்து நாள் பிடித்தது. லயத்து வாசலில் சுளகில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கண் இமை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. என்னைக் கண்டு எழுந்திருக்கப் போனவரை உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். எதையும் விடவில்லை. கோபப்பட்டால் என்ன சொல்வது, அழுதால் என்ன சொல்வது என்றெல்லாம் வீட்டிலேயே தயாரித்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

அவர் கல்லொன்றை எடுத்து வீசிவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் புழுவுக்கு நெசமாவே மீனு வருமாங்க?"

"வரும்" என்றேன்.

தலையாட்டிவிட்டு மறுபடி சுளகைப் பார்த்துக் குனிந்தார்.

"எங்கண்ணன் பாணுதான் போடுவாரு" என்றார். "அதுக்கும் வருதே."